தறி விழுங்கிய வார்த்தைகள்

எஸ்லின் ரீடிங்கில் இரண்டு முறை கோட்டைவிட்டது தெரியாத ஆள் அந்தத் தெருவில் குடியிருக்கவே லாயக்கில்லை. புண்ணியம் மாமியார் ஞானபாய்க்கு. ஞாயிறு ஆராதனையில் ஜெப விண்ணப்பம் கொடுத்தவர், 'மருமகள் பரீட்சைக்காக' என்று நிறுத்தியிருக்கலாம். 'ரீடிங்கில் மட்டும் மார்க் குறைகிற மருமகளுக்காக' என்று விளக்கமாக எழுதிக் கொடுத்தால் போதகர் மைக்கில் வாசிக்கத்தானே செய்வார்?

எஸ்லின் நர்ஸ். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. ஆங்கிலத் தேர்வில் தேறிய சான்று மாதக் கடைசிக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. பேசுவது, எழுதுவது, கேட்பது எல்லாவற்றையும் தாண்டிவிடுவாள். ரீடிங்கில் ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு வார்த்தைக்குக் கோடு போட்டு, இந்த நான்கில் எது இதற்கு நெருக்கம் என்று கேட்பார்கள். வண்டி சேற்றில் இறங்குவது அங்கேதான்.

கோச்சிங் சென்டர் ஜோன்ஸ் சாரிடம் அதற்கு வைத்தியம் இருந்தது. கட்டுக்கட்டாக வார்த்தைகளை மனப்பாடம் செய். அப்படியும் தெரியாவிட்டால் நான்கில் நீளமானதைக் குத்து. "பெரிய பரீட்சைல பெரிய வார்த்தைதாம்மா ஆன்சரா இருக்கும்" என்பார். அவர் எழுதிய பெரிய பரீட்சை எது என்று யாரும் கேட்டதில்லை. எஸ்லினும் நீளமானதாகப் பார்த்துக் குத்தினாள். இரண்டு தடவையும் பலன் ஊரறிந்தது.

அவர்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி விசைத்தறிக் கூடம். தறி ஓடினால் பேச்சில் பாதியை அது தின்றுவிடும். அந்தத் தெருவில் யாரும் 'என்ன சொன்னீங்க' என்று திருப்பிக் கேட்பதில்லை. கிடைத்த பாதியை வைத்து மீதியைத் தாங்களே ஒட்டவைத்து, சுடச்சுட அடுத்த வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள். எஸ்லினும் லேசுப்பட்டவள் இல்லை.

"பக்கத்து வீட்டு ஷம்சாத் அக்கா மகளுக்குக் கல்யாணப் பேச்சு முடிஞ்சிட்டு அத்தை" என்றாள் ஒரு நாள், இட்லியைப் பிய்த்தபடி.

"உங்கிட்ட சொன்னாளாட்டி?"

"செல்லுல பேசிட்டிருந்தாவ. தறிச் சத்தத்துல பாதிதான் கேட்டுது. முன்னால, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க திருவேங்கடத்துலேருந்து வந்துட்டுப் போனதச் சொன்னாவ. பின்னால, பிரியாணிக்கு எத்தன ஆடுன்னு கேட்டாவ. நடுவுல வேற என்ன இருக்கும்?"

"சண்டை வந்திருக்கும்."

"சண்டை வந்தா ஆட்டுக் கணக்கு எதுக்கு அத்தை?"

சொல்லி முடித்ததும் கையிலிருந்த இட்லி வாய்க்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது. காதில் விழாத வார்த்தையை முன்னும் பின்னும் பார்த்துப் பிடிக்கிறவளுக்கு, கண் முன்னால் இருக்கிற வார்த்தை எதற்காகத் தண்ணி காட்ட வேண்டும்?

மறுநாள் ஷம்சாத் பேகம் அல்வாவோடு வந்து பேச்சு முடிந்ததைச் சொன்னார். எஸ்லினுக்கு அல்வாவைவிட அது இனித்தது.

அன்றிலிருந்து, மாதிரித் தாளில் கோடு போட்ட வார்த்தையைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டாள். முந்தின வரியையும் பிந்தின வரியையும் படிப்பாள். விரலுக்கடியில் என்ன இருக்கும் என்று தமிழில் சொல்லிப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் நான்கு விடைகளையும் பார்ப்பது. ஒவ்வொன்றையும் அந்த இடத்தில் உட்காரவைத்து வாசிப்பாள், ஒட்டாததைக் கழித்துவிடுவாள்.

ஜோன்ஸ் சார் கண்ணில் இது பட்டுவிட்டது. "என்னம்மா, வார்த்தைய மறைச்சிட்டு எப்படி வாசிப்ப?"

"அது தெரியாத வார்த்தை சார். மறைக்காட்டாலும் தெரியப் போறதில்ல."

மதுரையில் தேர்வு. கம்ப்யூட்டர் திரையில் ஓர் ஏரியைப் பற்றிய பத்தி. கோடு போட்டிருந்த வார்த்தையை அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை. உள்ளங்கையைத் திரையில் வைத்து அழுத்தினாள். கண்காணிப்பாளர் வந்துவிட்டார்.

"ஸ்க்ரீன்ல எதுவும் பிரச்சினையா மேடம்?"

"இல்ல சார். ஒரு வார்த்தைய மறைச்சு வச்சிருக்கேன்."

அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். முந்தின வரியில் மழை பொய்த்திருந்தது. பிந்தின வரியில் படகுகள் வெடித்த மண்ணில் கிடந்தன. 'வத்திட்டு' என்றது மனசு. கையை எடுத்தாள். பொங்கியது என்று ஒரு விடை. உறைந்தது என்று ஒன்று. ஜோன்ஸ் சார் கண்டால் கட்டிக்கொள்கிற நீளத்தில் ஒன்று. பொடியாக, சுருங்கியது என்று ஒன்று. பொங்கியிருந்தால் படகு ஏன் மண்ணில் கிடக்கிறது? மழையில்லாததற்கும் உறைவதற்கும் என்ன சம்பந்தம்? பழக்கதோஷத்தில் மௌஸ் நீளமானதை நோக்கி நகர்ந்தது. அதை அங்கே உட்காரவைத்து வாசித்தாள், வரி நொண்டியது. இழுத்துப் பிடித்துப் பொடியனைக் குத்தினாள்.

முடிவு வந்தபோது வார்டில் ஒருவருக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு பகுதியிலும் ரீடிங்கில்தான் அதிக மார்க். "உங்களுக்கு நார்மல்தான் அண்ணாச்சி, எனக்குத்தான் ஏறிட்டு" என்றாள். காரணம் தெரியாமலே அவரும் சிரித்தார். சான்று அன்றைக்கே அயர்லாந்துக்குப் போனது. வேலையில் சேரும் தேதி அந்த வாரமே வந்தது.

ஜோன்ஸ் சார் சும்மா இருப்பாரா? பஸ் ஸ்டாண்ட் எதிரே பிளக்ஸ் வைத்துவிட்டார். 'எங்கள் மாணவி எஸ்லின்.' அவள் படத்தைவிட அவர் படம் பெரிதாக இருந்தது. எஸ்லின் நின்று பார்த்து, தன் படம் நன்றாக விழுந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

ஞானபாய்க்கு அது போதவில்லை. மருமகளைக் கையோடு ஜவுளிக்கடைக்கு இழுத்துப் போனார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"ஸ்வெட்டர் எடும்வே. நல்ல கனமா."

கடைக்காரர் விசிறிக்கொண்டிருந்த அட்டையை நிறுத்தினார். "இந்த வெயில்ல ஸ்வெட்டரா? நம்மூர்ல யாரு போடுதா?"

"நம்மூருக்கு எவ கேட்டா? எம் மருமக அயர்லாந்துக்குப் போறா" என்றார் ஞானபாய், தெருமுனைவரை கேட்கும்படி. கடையில் சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

எஸ்லின் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. "ரெண்டா எடுங்க அண்ணாச்சி" என்றாள்.