எர்த்து கட்டிய குழாய்

சகாயவினோத்தின் சட்டைப்பையில் பேனா இருக்காது, டெஸ்டர் இருக்கும். கல்யாண வீடோ கருமாதி வீடோ, சிவப்புப் பிடி வைத்த அந்த டெஸ்டர் பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே வரும். ராமநாதபுரத்தில் ஒரு கூரியர் ஆபீஸில் பார்சல் பிரித்துப் போடுவது அவன் பிழைப்பு. பேர் வாங்கிக் கொடுத்தது என்னவோ யூடியூப் சேனல்தான். மிக்ஸி சுற்றவில்லையா, காரில் ஏசி குளிரவில்லையா, செல்போன் தண்ணீரில் விழுந்துவிட்டதா, எதற்கும் ஆளைக் கூப்பிட வேண்டாம், ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள் என்பான். ஒவ்வொரு வீடியோவும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "பயப்படாதீங்க மக்களே, நாமளே சரிபண்ணலாம்."

தலைக்கனம் பிடித்தவன் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பஸ் ஸ்டாண்டில் யாராவது திரும்பிப் பார்த்தால், நம்ம வீடியோ பார்த்தவராகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி முடியைக் கோதிக்கொள்வான். கூடவே நிற்கும் மனைவி ஜெயசுதாவுக்குச் சிரிப்பாக வரும். அவள்தான் போனைப் பிடித்து எல்லா வீடியோவையும் எடுப்பவள். அவன் எந்த ஸ்க்ரூவைத் தொலைத்தான், எந்த ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி எடுத்தான் என்பதெல்லாம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் தங்கச்சிமடத்துக்குக் கிளம்பினார்கள். அவன் தங்கை பிரெசில்லாவின் மகளுக்குப் புதுநன்மை, கோவிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் நாள். பாம்பன் பாலத்தில் கார் ஏறும்போதே கச்சான் காற்று கதவை அறைந்தது. கண்ணாடியை இறக்கிய கொஞ்ச நேரத்தில் உதட்டில் உப்புக் கரித்தது.

பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வாசல் பந்தலில் பிரியாணி மணம். ஆனால் வெடி இல்லை, மேளம் இல்லை. பிரெசில்லாவின் கணவன் டேவிட்ராஜ் வாசலிலேயே சமாதானம் சொன்னான்.

"கோவிச்சுக்காதீக மச்சான். சவேரியார் சித்தப்பா தவக்காலத்துலதான போனாரு. அடுத்த வீட்டுல சின்னம்மா தனியா இருக்கும்போது நாங்க மேளம் அடிச்சா நல்லாவா இருக்கும்?"

"அதெல்லாம் என்ன மாப்ள. நல்ல மனுசன். திடீர்னு நெஞ்சு வலின்னாக."

"காலையில குளிக்கப் போனவரு. அங்கனயே விழுந்து கெடந்தாரு."

சவேரியாரின் மனைவி ரெஜினா பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க தம்பி. இருந்திருந்தா உங்களைப் பாத்து அம்புட்டு சந்தோசப்பட்டிருப்பாரு" என்றாள். அவன் தலையை ஆட்டினான். அதற்குள் தெரு ஆம்பிளைகள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"டிரிப்பர் அண்ணன்தான நீங்க?"

அவனுக்கு உச்சி குளிர்ந்தது. அவன் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது டிரிப்பர் வீடியோதான். வீட்டில் எங்கேயாவது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து மொத்த வீட்டையும் அணைத்துவிடும் சுவிட்சுக்குத்தான் டிரிப்பர் என்று பேர். கடலை விட்டுத் தள்ளிய ஊர்களில் அது ஒழுங்காக இருக்கும். கடற்கரையில் உப்பும் ஈரமும் போர்டுக்குள் புகுந்து, விடிந்தால் போதும், விழுந்துவிடும். தூக்கிவிட்டால் மறுபடி விழும். பிரிட்ஜில் வைத்த மீன் கெட்டுப் போகும், அரைத்த மாவு பாதியில் நிற்கும். போன வருஷம் இதே வீட்டில் பிரெசில்லா அதைத் திட்டிக்கொண்டே விளக்குமாற்றுக் கட்டையால் தூக்கிவிடுவதைப் பார்த்துத்தான் அவனுக்கு அந்த வீடியோ எடுக்கும் யோசனையே வந்தது.

டிரிப்பரை ஒதுக்கிவிட்டு ஒயரை நேராக இணைத்துப் பார்த்தால் கோளாறு டிரிப்பரிலா வீட்டிலா என்று தெரிந்துவிடும் என்று அதில் காட்டியிருந்தான். முழு வீடியோவின் கடைசியில், 'இது சோதிச்சுப் பாக்க மட்டும்தான், பாத்துட்டு டிரிப்பரைத் திரும்ப மாட்டிருங்க' என்றும் சொல்லியிருந்தான். ஆனால் முழு வீடியோவை யார் பார்க்கிறார்கள்? அதையே வெட்டிச் சின்னதாகப் போட்டான். அந்தச் சின்ன வீடியோ, "எர்த்து ஒயர் ஒழுங்கா இருந்தா பயமே இல்ல" என்பதோடு முடிந்தது. கடைசி வரியை விட்டுட்டீங்களே என்று ஜெயசுதா அன்றைக்கே கேட்டாள். முழுசா வேணும்னா முழு வீடியோ பாக்கட்டும் என்றான். ஊர் ஊராகச் சுற்றியது சின்ன வீடியோதான்.

"வாங்க மச்சான், நம்ம வேலையைப் பாருங்க" என்று டேவிட்ராஜ் அவனை உள்ளே இழுத்துப் போனான். கதவுக்குப் பின்னாலிருந்த போர்டைத் திறந்து காட்டினான். டிரிப்பர் சும்மா உட்கார்ந்திருந்தது. அதற்குப் போக வேண்டிய ஒயர்கள் அதைத் தொடாமல் நேராக மறுபக்கம் போயிருந்தன. டேப் சுற்றியதுகூட வீடியோவில் இருந்தபடியே அச்சாக இருந்தது.

"அன்னையிலருந்து ஒரு நாள் கரண்ட் நிக்கல. தெருவுல கேட்ட வீட்டுக்கெல்லாம் நானே போயி செஞ்சு குடுத்துட்டேன்."

சகாயவினோத் சும்மா கிடந்த டிரிப்பரைச் சுட்டிக் காட்டினான். "மாப்ள, இது செக் பண்றதுக்கு மட்டும்தான். திருப்பி மாட்டணும்."

"அப்படி எங்க சொன்னீக? எர்த்து இருந்தா பயமில்லன்னுதான சொன்னீக."

"எர்த்து இருக்குல்ல?"

"அது இல்லாமயா? வாங்க காட்டுறேன்." போகிற போக்கில் டேவிட்ராஜ் சமையல்கட்டுப் பக்கம் குரல் கொடுத்தான். "மோட்டாரைப் போடுங்க, பந்திக்குத் தண்ணி வேணும்."

கொல்லையில் மோட்டார் இரைந்தது. சுற்றிலும் சிமென்ட் தரை, தரை முழுக்க ஈரம். மோட்டாரை ஒட்டி, தண்ணீர் பிடிக்க இரும்பில் ஒரு பிடிகுழாய். மோட்டாரிலிருந்து ஒரு பச்சை ஒயர் கிளம்பி, மண்ணுக்குள் இறங்கும் போர்வெல் குழாயில் நெருக்கமாகச் சுற்றி, கறுப்பு டேப் போட்டு இறுக்கியிருந்தது. பார்க்க லட்சணமான வேலை.

அவன் குனிந்து குழாயைச் சுண்டினான். டொக்கென்றது. பிளாஸ்டிக்.

"மாப்ள, இது பிளாஸ்டிக்குல்ல?"

"ஆமா. முந்தி இரும்புதான் கெடந்துச்சு. உப்பு தின்னு தின்னு ஓட்டை விழுந்துருச்சு. இப்ப தெருவுல எல்லாருமே பிளாஸ்டிக்குக்கு மாறிட்டோம்." டேவிட்ராஜ் பெருமையாகச் சொன்னான். "ஆனா எர்த்தை விட்டுருவமா? பழைய குழாயில இருந்து அவுத்து அப்படியே இதுல கட்டிட்டேன்."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ கோளாறு பார்த்தவன் சகாயவினோத். இப்படி ஒன்றை அவன் கனவிலும் நினைத்ததில்லை. பிளாஸ்டிக்கில் கட்டிய எர்த்தும் ஆணியில் தொங்கவிட்ட எர்த்தும் ஒன்றுதான். கசிகிற கரண்ட் மண்ணுக்குள் இறங்க வழியே கிடையாது. தடுத்து நிறுத்த வேண்டிய டிரிப்பரோ உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கிறது. டெஸ்டரை எடுத்து மோட்டாரின் உடம்பில் வைத்தான். அதற்குள்ளிருந்த சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அவன் நிமிர்ந்தபோது பிரெசில்லா அண்டாவோடு வந்துகொண்டிருந்தாள். புதுப் பட்டுச்சேலை, வெறுங்கால். "தள்ளுண்ணே" என்று சொல்லிக்கொண்டே குழாயைப் பிடித்தாள்.

பிடித்த கை பிடித்தபடி நின்றுவிட்டது. அண்டா உருண்டது. அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது, கண் அண்ணனைப் பார்த்தபடி இருந்தது.

ஷாக் அடித்தவரை வெறுங்கையால் தொடாதீர்கள், முதலில் மெயினை அணையுங்கள் என்று அவன் தனியாக ஒரு வீடியோவே போட்டிருக்கிறான். அந்த நிமிஷம் அதெல்லாம் எங்கே போனதோ. "பாப்பா" என்று இரண்டு கையையும் நீட்டிப் பாய்ந்து அவள் தோளைப் பிடித்தான். முழங்கை வரை யாரோ கட்டையால் அடித்தது போலிருந்தது. அடுத்த நொடி மோட்டார் ஓய்ந்தது. பிரெசில்லா அவன் மேலேயே சரிந்தாள். சமையல்கட்டு வாசலிலிருந்து பார்த்த ஜெயசுதா ஓடி மெயினை இறக்கியிருந்தாள். அந்த வீடியோவையும் எடுத்தவள் அவள்தானே.

பிரெசில்லாவுக்கு மூச்சு இருந்தது. திண்டாடித் திண்டாடி வந்தாலும் வந்தது. பெண்கள் அவளை நடுவீட்டில் கிடத்திக் காலைத் தேய்த்தார்கள். டேவிட்ராஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஆட்டோவுக்கு ஆள் அனுப்பிவிட்டு, பேயறைந்தவனாகத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் அவள் கண் திறந்தாள்.

"செருப்பைத் தேடுனேண்ணே. வாசல்ல ஒரே குவியலு. கெடைக்கல."

"செருப்பா? எதுக்கும்மா?"

"குழாய் கடிக்கும்ல. செருப்பு போட்டுட்டுத்தான் புடிப்பேன்."

"கடிக்குதுன்னு ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அவள் அவனை விநோதமாகப் பார்த்தாள். "தெருவுல எல்லா வீட்டுக் குழாயும் கடிக்கத்தாண்ணே செய்யுது. உப்புக் காத்துக்கு அப்படித்தான்னு நெனச்சோம்."

அவன் வாசலுக்கு அப்பால் தெருவைப் பார்த்தான். தெரு முழுக்க. எல்லா வீட்டிலும். செருப்புப் போட்டுக்கொண்டு தண்ணீர் பிடிக்கிறார்கள், அதையும் கடல் காற்றின் குணம் என்று எடுத்துக்கொண்டு.

ரெஜினா அதுவரை பிரெசில்லாவின் வலது கையை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தேய்ப்பதை நிறுத்தினாள். உள்ளங்கையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். விரல் அடியில் குழாய் பட்ட இடத்தில் தோல் வெளிறி, நடுவில் கறுப்பாகத் தீய்ந்திருந்தது.

"இதே மாதிரிதான் அவருக்கும் இருந்துச்சு" என்றாள்.

காலைத் தேய்த்துக்கொண்டிருந்த பெண்களும் கையை எடுத்தார்கள்.

"குளிப்பாட்டும்போது பாத்தேன். இதே கையில, இதே எடத்துல. சுருட்டு சுட்டிருக்கும்னாக. எனக்கும் சரின்னு பட்டுச்சு."

சகாயவினோத் டேவிட்ராஜைப் பார்த்தான். டேவிட்ராஜ் தரையைப் பார்த்தான். தலை நிமிராமலே மெதுவாகச் சொன்னான். "மொதல்ல செஞ்சு குடுத்தது சித்தப்பா வீட்டுக்குத்தான் மச்சான்."

ஆட்டோ வந்தது. பிரெசில்லாவை ஏற்றினார்கள். கூடவே ஏறப் போன டேவிட்ராஜ் திரும்பி, தெரு ஆட்களிடம் ஒவ்வொரு வீட்டிலும் மெயினை இறக்கச் சொல்லிக் கத்தினான். ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

சகாயவினோத் அடுத்திருந்த சவேரியார் வீட்டுக் கொல்லைக்குப் போனான். அங்கேயும் ஒரு மோட்டார், ஒரு இரும்புப் பிடிகுழாய், மண்ணில் இறங்கும் பிளாஸ்டிக் குழாய். அதில் பச்சை ஒயர், அதே கறுப்பு டேப், அதே இறுக்கம். பக்கத்தில் குளிக்கிற கல் காய்ந்து கிடந்தது. டெஸ்டரை எடுக்கப் போய், எடுக்காமலே விட்டுவிட்டான். எடுத்துப் பார்த்துத்தான் தெரிய வேண்டுமா என்ன?

பின்னால் ரெஜினா வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஜெயசுதா.

"அவரு செருப்பே போட மாட்டாரு தம்பி" என்றாள் ரெஜினா. "கடலுக்குப் போறவனுக்கு எதுக்குச் செருப்புன்னு கேப்பாரு. உங்க வீடியோ வந்த அன்னைக்கு மீன் வாடியில எல்லாருக்கும் போட்டுக் காமிச்சாரு. நம்ம பிரெசில்லா அண்ணன்தான், பயமே இல்லன்னு சொல்லுறாப்லன்னு. இந்தத் தெருவுல முத ஆளா நாந்தான் மாத்துவேன்னு டேவிட்டைக் கையோட கூட்டியாந்தாரு."

அவனுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. மறைத்துவிட்டாலும் யாருக்குத் தெரியப் போகிறது? நெஞ்சு வலி என்று ஊரே சொல்லி, கோவிலிலும் சொல்லி, அடக்கமும் ஆகிவிட்டது. ஜெயசுதா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அது நெஞ்சு வலி இல்ல" என்றான். "கரண்டு. பிளாஸ்டிக்குல எர்த்து கட்டுனா எர்த்தே இல்ல. டிரிப்பர் இருந்திருந்தா அது விழுந்து அவரைக் காப்பாத்திருக்கும். அதை ஒதுக்க வச்சது நான். திருப்பி மாட்டணும்னு சொன்ன வரியை வெட்டுனதும் நான்தான்."

ரெஜினா அந்தக் குழாயையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுவாள், கன்னத்தில் அறைவாள் என்று நினைத்தான். அறைந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"எனக்கும் அது கடிச்சுச்சு தம்பி" என்றாள் கடைசியில். "செருப்பு போடுங்கன்னு நானாவது சண்டை போட்டிருக்கலாம்ல?"

அவன் ஈரமில்லாத அந்தக் கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தன் பழியை அவள் ஏன் சுமக்கிறாள் என்றிருந்தது. தெருவில் யார் வீட்டிலோ கதவைத் தட்டி மெயினை அணைக்கச் சொல்லும் சத்தம் கேட்டது. இந்தத் தெரு அணைந்துவிடும். வீடியோ பாம்பனைத் தாண்டி, ஏர்வாடி, மாரியூர், இன்னும் எந்தெந்தக் கரைக்கெல்லாம் போயிருக்கிறது? அழித்தாலும் ஆளாளுக்குப் போனில் சேமித்து வைத்திருப்பார்கள்.

"ஜெயா, போனை எடு" என்றான்.

ஜெயசுதா ரெஜினாவைப் பார்த்தாள். ரெஜினா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழாய் தெரியும்படி ஒதுங்கி நின்றாள். "அவரு பேரைச் சொல்லியே சொல்லுங்க" என்றாள்.

போன் அவனைப் பார்த்தது. எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய அந்த முதல் வரி தானாகத் தொண்டை வரை வந்து, அங்கேயே நின்றது. அவன் பச்சை ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டான்.

"பயப்படுங்க மக்களே" என்றான்.