ராசாத்தியின் பால்

வாளிக்காரருக்கு உறைந்த மீனைக் கண்டாலே ஆகாது. அடிபட்ட கடல் விலங்குகளைப் பராமரிக்கும் நிலையத்தில், பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் மீனைக் கழுவி, எடைபோட்டு, வாளியில் அள்ளிக் குளங்களுக்குக் கொண்டுபோவதுதான் அவர் வேலை. "பிணவறைச் சாமான்" என்று திட்டிக்கொண்டேதான் வெட்டுவார். மற்ற விலங்குகளுக்கு அது போதும். ராசாத்திக்குப் போதுமா?

ராசாத்தி ஒரு கடல்நாய். இரண்டு கண்ணும் போய்க் கரையொதுங்கியவள். இனிக் கடலில் விட்டால் பிழைக்க மாட்டாள் என்று எட்டு வருடமாகக் கடைசிக் குளத்திலேயே வைத்திருந்தார்கள். அவளுக்காக மனுஷர் வேலைக்கு வரும் வழியில் கப்பல் பட்டறைக் கால்வாயில் தூண்டில் போட்டு, கொழுத்த விலாங்காக ஒன்று பிடித்து வருவார். "எனக்கு ஒரு நாளாவது இப்படித் தேடிப் பிடிச்சுட்டு வந்திருக்கீங்களா? அவதான் மூத்த சம்சாரம், நான் சும்மா" என்று வீட்டுக்காரி கேலி செய்வாள். அவரும் இல்லையென்று சொன்னதில்லை.

வெளிமீன் கூடாது என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதித்தான் வைத்திருந்தார்கள். எழுதியவனுக்கு என்ன தெரியும்! தீனிப் பதிவேட்டிலும் அவர் அதைக் குறித்ததில்லை. ஆசையாகக் கொடுப்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவதாம்?

துணைக்கு விட்ட ஆணோடு சேர்ந்து, போன வருடம் ராசாத்தி முதல் குட்டியைப் போட்டாள். இருபத்துமூன்றாம் நாள் அது வலிப்பு வந்து செத்துப்போனது. டாக்டரம்மா அதன் கொழுப்பையும் தாயின் கொழுப்பில் ஒரு துணுக்கையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பதில் வந்து சேர ஒரு வருடம் பிடித்தது. அதற்குள் இரண்டாவது குட்டி பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது.

டாக்டரம்மா காகிதத்தோடு மீன் வெட்டும் அறைக்கே வந்துவிட்டார்.

"விஷம்ண்ணே. கப்பல் பெயிண்ட்டு, மெஷின் எண்ணெய், அந்த மாதிரி. சேத்துல கிடக்கிற புழுவுல துளியூண்டு இருக்கும். புழுவைத் தின்ன மீன்ல சேர்ந்துக்கிட்டே போகும். மீனைத் தின்னா நம்ம ராசாத்திகிட்ட மொத்தமும் வந்து உக்காந்துக்கும். வெளிய போகவே போகாது, கொழுப்புலயே கிடக்கும்."

"ஆனா அவ நல்லாத்தானே இருக்கா?"

"கொழுப்புதானே பாலாகுது? பாலோட சேர்த்து எல்லாத்தையும் மூத்த பிள்ளைக்கு ஊட்டிட்டா, பாவம். நம்ம மீனெல்லாம் சோதிச்சு வர்றது, சுத்தம். அப்ப இது அவ கடல்ல இருந்தப்ப தின்னதுதான். ஒரு நல்ல சேதி, இருந்ததை மூத்தது வாங்கிட்டுப் போயிடுச்சு. இதுக்குப் பெருசா மிச்சமிருக்காது. தாராளமா தாய்ப்பால் குடிக்கட்டும்."

டாக்டரம்மா நிம்மதியாகப் போய்விட்டார். வாளிக்காரர் கத்தியை வைக்க மறந்து நின்றார். மூத்தது வாங்கிக்கொண்டு போன பிறகு இந்த ஒரு வருடமாக அவர் என்ன செய்தார்? பிள்ளையைப் பறிகொடுத்தவளாச்சே, உடம்பு தேறட்டும் என்று நாளுக்கு இரண்டு விலாங்காக அல்லவா கொடுத்தார்! அடப் பாவி மனுஷா.

வாயைத் திறந்தால் வேலை போகும். மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. குட்டி செத்தாலும் விதி என்று சொல்லிவிடுவார்கள். குளத்தங்கரைக்குப் போய்ப் பார்த்தார். ராசாத்தி மல்லாந்து கிடக்க, குட்டி முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. வாயோரம் வெள்ளையாக நுரை. அவரால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

டாக்டரம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அந்தம்மா சோதனைக் காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"எட்டு வருஷமா? ஏன்ண்ணே?"

"ஆசைதாம்மா. வேற என்ன சொல்ல."

திட்டியிருந்தால் தேவலை. அந்தம்மா எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டார். "உங்க வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம். குட்டியை இப்பவே பிரிக்கணும். புட்டிப்பாலுக்குப் பழக்கினா பிழைக்கலாம். நாங்க கிட்டப் போனா கடிச்சுக் குதறிடுவா. நீங்க கூப்பிட்டா வருவா."

"என்னால ஆகாதும்மா. வேற யாரையாவது..."

"வேற யாருக்கு அவ வருவா? சொல்லுங்க."

வாளியை எடுத்துக்கொண்டு குளத்தின் மறுகோடிக்குப் போய்க் குந்தினார். இரண்டு முறை முயன்றபின்தான் குரல் வந்தது. "ராசாத்தி, வாடி தங்கம்."

குட்டியை விட்டு நகராதவள், அந்தக் குரலுக்கு நகர்ந்தாள். நேராக நீந்தி வந்து அவர் கையிலிருந்த மீனை வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால், குளத்தின் குறுக்கே கம்பிக்கதவு இறங்கியது. குட்டி ஒரே ஒரு முறை கத்தியது. அதைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ராசாத்தி மீனைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினாள். கதவில் போய் முட்டினாள். மூக்கு கிழிந்து ரத்தம் வர முட்டினாள். அவள் கத்திய கத்தலில் மற்றக் குளங்களெல்லாம் அடங்கிப்போயின. மடியிலிருந்து பால் கசிந்து தண்ணீரில் புகைபோலக் கலந்தது. "என்னை வந்து கடிச்சுப் போட்டுடுடி" என்று வாளிக்காரர் வாய்விட்டு அழுதார்.

அந்த அழுகை கேட்டதும் அவள் முட்டுவதை நிறுத்தினாள். மெல்ல நீந்தி வந்து அவர் காலடியில் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இவர் இருக்கிறார், கதவைத் திறந்துவிடுவார் என்று நம்பி.