கரண்ட் போன நேரம்

ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பேத்தமங்களா போகிற ரோட்டில் நாராயணசாமிக்கு ஒரு சிமெண்ட் கல் பட்டறை இருந்தது. கரண்ட் போனால் மற்ற பட்டறைகளில் ஆட்கள் டீ குடிக்கப் போவார்கள். இங்கே மட்டும் அப்போதுதான் மிக்ஸர் மிஷினைச் சுத்தம் செய்வார்கள். ஓடுகிற மிஷினை அதற்காக நிறுத்தினால் வேலை கெடும் என்பார் நாராயணசாமி.

கரண்ட் திரும்பியதும் மிஷின் தானாகவே ஓட வேண்டுமே. அதற்காக ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டன் அமுங்கியே இருக்கும்படி ஆப்பு மாதிரி ஒரு மரச்சக்கையைச் சொருகி வைத்திருந்தார்கள். முதலில் சொருகியது யார் என்று யாருக்கும் நினைவில்லை. தினமும் பார்க்கிற நாராயணசாமியும் அதை எடுக்கச் சொன்னதில்லை.

ஒருநாள் காலை கரண்ட் போனதும் பட்டறையில் வேலை செய்கிற டக்ளஸ் டிரம்முக்குள் வலது கையை விட்டு, பிளேடில் காய்ந்துபோன சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கூட வேலை செய்கிற வரதன் பக்கத்தில் நின்று, பெங்களூர் ரயிலில் சீட் பிடிக்கப் போய் தன் மச்சான் ஒற்றைச் செருப்போடு இறங்கிய கதையைச் சொன்னான். டக்ளஸ் விழுந்து விழுந்து சிரித்தான். அப்போது கரண்ட் வந்தது.

வரதன் ஓடிப்போய் மிஷினின் மெயின் சுவிட்சை இறக்கினான். டக்ளஸின் வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் தப்பியது. மற்ற நான்கு விரல்களையும் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

நாராயணசாமி ஈரமில்லாதவர் அல்ல. ஆஸ்பத்திரி பில்லை அவரே கட்டினார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கும் வந்தார். வந்து உட்கார்ந்து, யார் கேட்டாலும் வீட்டில் பைக் செயினில் கை மாட்டியதாகச் சொல்லச் சொன்னார். லேபர் ஆபீசுக்கு விஷயம் போனால் பட்டறையை மூடிவிடுவார்கள், எல்லோர் பிழைப்பும் போகும் என்றார்.

“சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா. உன்ன நான் அப்டியே உட்டுடுவனா?”

டக்ளஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி சில்வியா ஹார்லிக்ஸ் பாட்டிலை நாராயணசாமியின் பக்கம் நகர்த்தினாள்.

“இத்த தொறந்து வெச்சிட்டுப் போங்கண்ணா. அவரால இனிமே மூடி கூட திருவ முடியாது.”

மறுநாள் சில்வியாவே லேபர் ஆபீசுக்குப் போய் விசாரித்தாள். வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு கேட்பது உரிமை, ஆஸ்பத்திரி பில் கட்டியதோடு முதலாளியின் பொறுப்பு முடிந்துவிடாது என்று அங்கே விளக்கினார்கள். நேரில் பார்த்தவர் யாராவது சொன்னால் கேஸுக்குப் பலம் என்றும் சொன்னார்கள்.

பார்த்தவன் வரதன் ஒருவன்தான். சில்வியா கேட்டபோது, தான் மணல் குவியலுக்கு அந்தப் பக்கம் இருந்ததாகத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவனுக்கு இந்த வேலையை விட்டால் வேறு வேலை இல்லை, மகள் பல்லவி காலேஜில் படிக்கிறாள். “பாவம், அவன நோண்டாத” என்று டக்ளஸே மனைவியை அடக்கினான்.

அடுத்த வாரம் ஒருநாள் மறுபடியும் கரண்ட் போனது. மிக்ஸரைச் சுரண்டும்படி நாராயணசாமி வரதனிடம் சொன்னார். சக்கை அதே இடத்தில் இருந்தது. டிரம்மின் வாய் வரைக்கும் போன வரதனின் கை உள்ளே போகவில்லை. திரும்பி வந்து மிஷினின் மெயினை இறக்கினான். சக்கையைப் பிடுங்கினான். ஃபியூஸ்களையும் கழற்றி சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

நாராயணசாமி சிரித்தார். “இன்னா வரதா, புதுசா பயம் வந்துச்சா?”

“அப்ப நீங்க கைய உடுங்கண்ணா. ஃபியூஸப் போட்டு, சக்கைய நான் மறுபடி சொருகறேன்.”

நாராயணசாமி டிரம்மைப் பார்த்தார். தன்னை அறியாமலே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வரதன் அதைக் கவனித்தான். “அவன் கையும் இதே மாதிரி கைதாண்ணா. அன்னிக்கு நான் பக்கத்துலதான் இருந்தேன், என் கண்ணால பாத்தேன். லேபர் ஆபீசுல போய் சொல்லத்தான் போறேன். வேலைய உட்டு எடுக்கறதுன்னா எடுத்துக்கங்க.”

ஷெட்டில் பல்பு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது. மிஷின் அசையாமல் நின்றது. வரதன் பிடுங்கிப் போட்ட சக்கையை எடுத்து நாராயணசாமி வெளியே வீசினார்.

“ஃபியூஸ் உன் பாக்கெட்லயே இருக்கட்டும்” என்றார். “சுரண்டி முடிச்சப்புறம் போட்டுக்கலாம். நாளைக்கு லேபர் ஆபீசுக்கு நானும் வரேன். என் மிஷின்லதான் அவனுக்கு அடிபட்டுச்சு.”

கரண்ட் போய்விட்டால் மிஷின் நின்றுவிட்டது என்று நம்பக் கூடாது, நாம்தான் அதை நிறுத்த வேண்டும். அப்படியும் ஒருவனுக்கு அடிபட்டால், நஷ்டஈடு அவனுக்குச் சேர வேண்டியது, யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதல்ல. பார்த்தவன் வாயை மூடிக்கொண்டால், அடுத்து டிரம்முக்குள் போவது அவன் கையாகவே இருக்கலாம்.