டீச்சர் வீட்டுத் தண்ணீர்

என் மனைவி அறிவியல் டீச்சர். எங்கள் தெரு வீடுகளுக்கு வரும் குழாய்த் தண்ணீரைப் பிள்ளைகளே சோதித்துப் பார்க்கட்டும் என்று, வீட்டுக் குழாயில் ஆளுக்கொரு பாட்டில் பிடித்துவரச் சொன்னாள். தானும் எங்கள் குழாயில் ஒன்று பிடித்துக்கொண்டு போனாள்.

தெருவிலிருந்த அம்மாக்கள் அதைப் பரீட்சையாகவே எடுத்துக்கொண்டார்கள். வீட்டு மானம் ஒரு பாட்டிலில் போகலாமா? ஃபில்டர் இருந்தவர்கள் அதில் பிடித்தார்கள். இல்லாதவர்கள் கடைத் தண்ணீரை வாங்கி, லேபிளைக் கிழித்துவிட்டு அனுப்பினார்கள்.

தண்ணீர் கெட்டிருந்தால் மஞ்சள் சோதனைத் தாள் ஊதாவாகும். வகுப்பில் எல்லார் தாளும் மஞ்சளாகவே சிரித்தது. டீச்சர் தாள் மட்டும் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது.

சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா குடத்தோடு வந்தார்.

"உங்க வீட்டுத் தண்ணி மட்டும் கெட்டுப்போச்சாமே, டீச்சர்? எம்பொண்ணு சொன்னதும் மனசே கேக்கல. இந்தாங்க, எங்க குழாய்ல இப்பதான் பிடிச்சேன்."

"ரொம்ப நன்றிக்கா" என்று இவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அக்கா தெருவைத் தாண்டுவதற்குள் தாள் குடத்துக்குள் போய்வந்தது. அதே கத்தரிப்பூ நிறம். கெட்ட தண்ணீருக்கு இப்படிப் பூரித்துப்போன ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

ஒரு காலிக் குடத்தை என் கையில் திணித்தாள்.

"அடுத்த வீட்டுலயும் போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க. முகத்த மட்டும் கொஞ்சம் பாவமா வச்சுக்கங்க."