பெயின்டர் பார்க்காத மேட்ச்

லாண்டரியின் பின்பக்கம் துணி உலர்த்தும் அறை ஒன்று இருக்கிறது. மனிதன் உட்காருகிற இடமில்லை அது. ஒரு மூலையில் டிரையர் உறுமிக்கொண்டிருக்கும். கொடி கொடியாகத் தொங்கும் ஹோட்டல் படுக்கை விரிப்புகள் ஈரத்தோடு முகத்தில் அறையும். ஜன்னல் கிடையாது. நம் டீம் ஆடுகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த அறைக்குள்தான் பெயின்டரைப் போட்டு வெளியே தாழ்ப்பாள் போடுவார்கள்.

அப்படி என்ன கொலைக் குற்றம் செய்தார் மனிதர்? அவர் பார்த்தால் டீம் தோற்கும். அவ்வளவுதான்.

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. லாண்டரியின் முன் அறையில் பெரிய டிவி உண்டு. லாண்டரிக்காரர் பெயின்டரின் மனைவிக்கு அண்ணன், அதனால் வேலை முடிந்ததும் பெயின்டர் நேராக அங்கேதான் வருவார். ஒருநாள் அவர் உள்ளே கால் வைக்கவும் நம் வலையில் பந்து விழவும் சரியாக இருந்தது. அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரம் அவர் பாத்ரூம் போயிருந்த நேரத்தில் நம் ஆட்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். “மாப்ளே, நீங்க அங்கேயே இருங்க” என்று லாண்டரிக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். டீம் ஜெயித்தது. அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு யாரும் சிரிக்கவில்லை, கதவைத்தான் காட்டினார்கள். விளையாட்டு வினையாகும் என்று சும்மாவா சொன்னார்கள்.

சரி, ரோஷமுள்ள மனிதன் வீட்டில் இருந்துகொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். இருந்து பார்த்தார். வீட்டில் திருட்டுத்தனமாகப் பார்க்கிறாரோ என்று இவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆள் அனுப்பிக் கூட்டிவந்து அடைத்தார்கள். பெயின்டரும் வந்தார். தனியாக வீட்டில் கிடப்பதைவிட, நாலு பேர் கத்துவதைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தாவது கேட்கலாமே என்று அவருக்கு. அதுவும் ஒரு நோய்தான், வேறென்ன சொல்ல?

அவர் உள்ளே இருந்தும் டீம் தோற்றதில்லையா? எத்தனையோ தடவை தோற்றது. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்தது. உள்ளே இருமினாராம். இடைவேளையில் ஸ்கோர் கேட்டாராம். தாழ்ப்பாள் போடுவதற்குள் ஆட்டம் ஆரம்பித்துவிட்டதாம். இப்படிப்பட்டவர்களிடம் யார் என்ன பேசி ஜெயிப்பது?

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பந்தோடு இது நிற்கவில்லை. புது வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கக் கூப்பிடுவார்கள், முதல் பிரஷ்ஷை மட்டும் கூட வந்த ஆளை வைக்கச் சொல்வார்கள். பேக்கரிக்காரர் இரண்டாவது கடை போட்டபோது சுவர் முழுக்கப் பெயின்டர் கை. ஆனால் திறப்பு விழா நேரத்தில், “அண்ணே, கொஞ்சம் பின்னாடி வர்றீங்களா?” என்று பக்குவமாக நகர்த்திவிட்டார்கள். பெயின்டர் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டார். ராசியில்லாதவன் என்று யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

விழுங்காதவள் அவருடைய மகள்தான். ஒரே பெண், நர்ஸ் படிப்பு முடித்து, தெருமுனை ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, ஊசி போடும் அறையில் சேர இருந்தாள். அப்பாவைப் போலவே அவளுக்கும் டீம் என்றால் உயிர். ஆனால் இந்த அறைச் சமாச்சாரம் அவளுக்கு ஆகவே ஆகாது. பெற்ற அப்பனை ஈரத்துணியோடு அடைத்துவைத்துப் பந்து பார்க்கிறவர்களுக்கு எந்த ஊசி போட்டாலும் தேறாது என்பாள். மாமனின் வாசற்படியை மிதிப்பதையே விட்டிருந்தாள்.

அன்றைக்கு மிதித்தாள். வேலையில் சேர்வதற்கு முந்தின நாள், சீசனின் கடைசி மேட்ச் அன்று. ஜெயித்தால் டீம் மேல் பிரிவில் நிற்கும், சமன் செய்தால்கூடக் கீழே போய்விடும். முன் அறையில் பத்துப் பதினைந்து பேர், உட்கார இடமில்லை. மகள் நேராக லாண்டரிக்காரர் முன்னால் போய் நின்றாள்.

“மாமா, இன்னைக்கு அப்பா வழக்கம்போல உள்ள போகட்டும். போனை நீங்களே வாங்கி வெச்சுக்குங்க. தாழ்ப்பாளை நீங்களே போடுங்க. நான் இங்க உட்கார்ந்து பார்க்கிறேன். அப்படியும் டீம் ஜெயிக்கலைன்னா, இந்தப் பேச்சை இன்னையோட விட்டுடணும்.”

லாண்டரிக்காரர் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்படி நடந்தால் இனி முதல் வரிசை நாற்காலி மாப்பிள்ளைக்குத்தான் என்று பெரிய மனது பண்ணிச் சொன்னார். பெயின்டரை யாரும் கேட்கவில்லை. அவர் நகத்திடுக்கில் ஒட்டியிருந்த பச்சைப் பெயின்டைச் சுரண்டிக்கொண்டே உள்ளே போனார். லாண்டரிக்காரர் தாழ்ப்பாள் போட்டார், கூட்டத்திலிருந்த பஸ் டிரைவர் ஒருவர் அதை இழுத்தும் பார்த்தார்.

உள்ளே கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்த பிறகுதான் பெயின்டருக்கு விஷயம் உறைத்தது. இவள் நல்லது செய்வதாக நினைத்து என்ன காரியம் செய்துவிட்டாள்! டீம் ஜெயித்தால் ராசியில்லாத பெயர் சாகிறவரைக்கும் போகாது. டீம் தோற்றால் பெயர் போகும், ஆனால் டீமும் போகும். இதில் எதற்கென்று வேண்டிக்கொள்வது?

அவர் சத்தத்தை வைத்தே ஆட்டம் பார்ப்பவர். நாற்காலி தரையைத் தேய்த்தால் நம் ஆள் முன்னேறுகிறான். பேச்சு அடங்கினால் எதிராளியிடம் பந்து இருக்கிறது. முதல் பாதியில் நாற்காலிகள் உருண்டன, கூரை அதிர்ந்தது. ஒன்று! இரண்டாவது பாதி ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும். இரண்டு! பெயின்டர் துள்ளி எழுந்ததில் ஒரு படுக்கை விரிப்பு கொடியோடு அறுந்து தலைமேல் விழுந்தது. அதை விலக்கக்கூட இல்லை, ஈரத்துக்குள்ளேயே நின்று சிரித்தார். வெளியே எல்லாக் குரல்களுக்கும் மேலே மகளின் குரல் கேட்டது.

சிரித்து முடித்து, விரிப்பை உதறிப் போட்டுவிட்டு மறுபடி வாளிமேல் உட்கார்ந்தார். ரெண்டுக்கு சைபர். முடிந்துபோன மாதிரிதான். அப்படியென்றால் அடுத்த சீசனும் இந்த வாளிதான், இந்த டிரையர்தான். புது வீடுகளில் முதல் பிரஷ்ஷை வேறொருவன்தான் வைப்பான். ஒரு கோல் வாங்கினால் என்ன என்று மனதில் ஒரு எண்ணம் ஓடியது. சீச்சீ என்று அதை விரட்டினார். அது போகவில்லை. துணி மூலையிலேயே குந்திக்கொண்டது.

கடைசிப் பத்து நிமிஷம் இருக்கும். பேச்சு அடங்கியது. எதிராளியிடம் பந்து. அடங்கிய பேச்சு எழும்பவே இல்லை. திடீரென்று பேக்கரிக்காரரின் தொண்டை கிழிந்தது. “கையில வந்ததை விட்டுட்டியேடா பாவி!”

பெயின்டரின் நெஞ்சு ஒரு குதி குதித்தது. துக்கத்தில் குதித்ததில்லை அது. அவருக்கே அது தெரிந்தது, தெரிந்த மாத்திரத்தில் தன் கன்னத்தில் தானே ஒன்று வைத்துக்கொண்டார். சின்ன வயதிலிருந்து இந்த டீமுக்காக அழுதவன், இப்போது அது விழ வேண்டுமென்று காத்திருக்கிறானே, இவனும் ஒரு மனுஷனா! அதன் பிறகு உண்மையாகவே வேண்டினார். போதும், எனக்குப் பேரும் வேண்டாம், நாற்காலியும் வேண்டாம், இப்படியே முடிந்துவிடட்டும் என்று கைகளை இறுகக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே யாரோ நேரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். “இன்னும் என்னடா ஊதாம இருக்கான்?” என்று டிரைவர் குரல். “தலைக்கு மேல விடாதீங்கடா, விடாதீங்கடா” என்று இன்னொரு குரல். அப்புறம் குரலே இல்லை. டிரையர் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

ரெண்டுக்கு ரெண்டு. விசில் ஊதியது சுவர் தாண்டி மெல்லியதாகக் கேட்டது. பெயின்டர் வாளிமேல் உட்கார்ந்து அழுதார். டீம் போயிற்று. பழியும் போயிற்று. எதற்காக அழுகிறோம் என்று அவருக்கே பிடிபடவில்லை.

தாழ்ப்பாளை மகள்தான் திறந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. ஆனாலும் அப்பாவின் கையைப் பிடித்து எல்லோர் முன்னாலும் கொண்டுவந்து நிறுத்தினாள். “பார்த்தீங்கல்ல? அப்பா உள்ளதான் இருந்தார். போன் மாமாகிட்ட. இருமக்கூட இல்லை. இனிமே யாராச்சும் வாயைத் திறந்தீங்கன்னா இருக்கு.”

லாண்டரிக்காரர் டிவியை அணைத்தார். ஜெயித்துக்கொண்டிருந்ததைக் கையால் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். பதினைந்து பேருக்கும் வயிறு எரிகிறது. எரிகிற வயிற்றுக்கு ஒரு ஆள் வேண்டும். கோல்கீப்பரைத் திட்டினார்கள், போதவில்லை. கோச்சைத் திட்டினார்கள், அதுவும் போதவில்லை.

“பெயின்டர் அண்ணன் உள்ள இருந்தார், சரிதான். இன்னைக்குப் புதுசா வெளிய உட்கார்ந்தது யாரு?” என்றார் பேக்கரிக்காரர்.

ஒவ்வொரு தலையாக மகள் பக்கம் திரும்பியது. அட ஆமாம் என்றார் டிரைவர், தாயைப் போல பிள்ளை நூலைப் போல சேலை என்பார்கள், இங்கே அப்பனைப் போல பிள்ளை. இன்னொருவர், நாளைக்கு ஊசி போடுகிற அறையில் இந்தப் பெண்தானாமே என்று எடுத்துக் கொடுத்தார். பேக்கரிக்காரரின் அம்மா தினமும் அங்கேதான் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறாள். அம்மாவுக்கு வேறு நர்ஸைக் கேட்க வேண்டியதுதான் போல என்று அவர் சொன்னதும் குபீரென்று சிரித்தார்கள். நம் ஆட்கள் இரண்டாவது கோல் போட்ட பிறகு அந்த அறையில் வந்த முதல் சிரிப்பு.

மகளும் உதட்டைச் சுழித்துச் சிரித்தாள், பைத்தியங்கள் என்கிற மாதிரி. அவளுக்கு அந்தச் சிரிப்பு தெரியாது. பெயின்டருக்குத் தெரியும். இதே அறையில், இதே ஆட்கள் இப்படித்தான் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு கதவைக் காட்டினார்கள். அவராவது சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவர், சுவர் ராசி பார்க்காது. இவளிடம் கையை நீட்டுகிறவர்கள் மனுஷர்கள். ராசியில்லாத நர்ஸ் என்று தெருவில் ஒரு தடவை பேர் விழுந்தால் எவள் தன் பிள்ளையின் கையை இவளிடம் நீட்டுவாள்?

“நான் பார்த்தேன்” என்றார் பெயின்டர்.

யாருக்கும் புரியவில்லை. அவர் திரும்பச் சொன்னார். “கதவு இடுக்குல பார்த்தேன். ரெண்டாவது கோல் போட்டதும் ஆசை தாங்கலை. கடைசி வரைக்கும் பார்த்துட்டேன்.”

டிரைவர் நம்பவில்லை. அவர் சாமானியத்தில் எதையும் நம்புகிறவரில்லை. அப்படியானால் நாம் வாங்கிய கோல் எப்படி விழுந்தது, சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். பெயின்டர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முதல் கோல் கோல்கீப்பர் கைக்கு வந்து நழுவியது. அடுத்தது தலைக்கு மேலே வந்த பந்து, நம் ஆள் யாரும் எழும்பவில்லை.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். லாண்டரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். உங்களை நம்பித்தானே மாப்ளே இருந்தோம் என்றார். ஒரு சீசனையே தின்றுவிட்டாயே என்றார் ஒருவர். இடுக்கில் கோணி அடைக்கவேண்டும் என்றார் இன்னொருவர். திட்டத் திட்ட அவர்கள் முகங்கள் தெளிந்தன. பேக்கரிக்காரர் போகிற போக்கில் மகளிடம் நின்று, நாளைக்கு அம்மாவைக் கூட்டிவருகிறேன், வலிக்காமல் போடு தாயி என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பெயின்டர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். அவருக்கு வேண்டியது அதுதான்.

மகள் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றாள். பொய்தானே என்று கேட்பாள் என்று பெயின்டர் பயந்துகொண்டிருந்தார். கேட்டால் என்ன சொல்வதென்று யோசித்தும் வைத்திருந்தார். அவளிடம் இதுவரை பொய் சொன்னதில்லை. அதனால்தானோ என்னவோ அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

தெருவில் வெயில் இன்னும் இருந்தது. வீட்டு மாடிகளில் கட்டிய டீமின் பச்சைக் கொடிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முன்னால் நடந்தாள், அவர் பின்னால். எப்போதும் அவர் தோளை ஒட்டி நடக்கிறவள். மருந்துக்கடை தாண்டியதும் நின்றாள். திரும்பியபோது கண்ணில் தண்ணீர் நின்றது.

“உங்களுக்காக எல்லார்கிட்டயும் சண்டை போட்டேனேப்பா. அந்தக் கடைசிப் பத்து நிமிஷமாவது பார்க்காம இருக்க முடியலையா உங்களால?”

“முடியலம்மா” என்றார் பெயின்டர்.