தனியாள் வரிசை

கேளிக்கைப் பூங்காவுக்குப் போன பயணத்துக்குத் திட்டம் போட்டது நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் வீடு திரும்பியதிலிருந்து என் கணவர், "எல்லாம் நம்ம பிளான்தான்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டிருக்கிறார்.

பள்ளி விடுமுறைக்கு முந்தைய வாரம் போனால் பாதிக் கூட்டம்கூட இருக்காது என்று கண்டுபிடித்தது யார்? நான். பூங்காவுக்குள்ளேயே இருக்கும் விடுதியில் தங்குகிறவர்களை மற்றவர்களுக்கு முன்பே உள்ளே விடுவார்கள் என்று போன் போட்டு விசாரித்ததும் நான்தான். நுழைந்ததும் எல்லாரும் முதல் ராட்டினத்தில் முட்டி மோதுவார்கள், நாம் நேரே கடைசிக்குப் போய்விட வேண்டும். ஊருக்கே பசிப்பதற்கு முன் சாப்பிட்டுவிட வேண்டும். புதுச் செருப்பு கூடவே கூடாது. தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். நாத்தனார் புதுச் செருப்பில்தான் வந்தாள். முதல் நாளே கொப்புளம். பிளாஸ்திரி மட்டும் என் பையில்.

இத்தனை பாடும் எதற்கு? தலைகீழாகச் சுழன்று போகும் அந்தப் பெரிய ரயிலுக்காக. கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கு அதில் ஆசை. எந்தப் பூங்காவுக்குப் போனாலும் எல்லாரும் ஏறுவார்கள். நான் கீழே மூட்டைக்குக் காவல். இந்த முறை விடுவதில்லை என்றிருந்தேன்.

அதற்கும் வழி வைத்திருந்தேன். கைக்குழந்தை இருந்தால் ஒருவர் முதலில் ஏறலாம். அவர் இறங்கும்போது, குழந்தையோடு காத்திருப்பவருக்கென்று அவர் கையில் ஒரு சீட்டு கொடுத்தனுப்புவார்கள். அதைக் காட்டினால் வரிசையே வேண்டாம், நேரே ஏறலாம். கடைசி நாள் காலையில் சாப்பிடும்போது இதை எல்லாருக்கும் விளக்கினேன். என் வாய்தான் எனக்குச் சத்துரு. நல்லவேளை, இன்னொரு விஷயத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

அவரும் நாத்தனாரும் முதலில் போனார்கள். எங்கள் குட்டிப் பையன் என் இடுப்பில் நெளிந்து, சட்டையை நனைத்து, என் முடியைப் பிடித்து இழுத்தான். ஒரு வழியாக அவர் மட்டும் இறங்கி வந்தார்.

"சீட்டக் குடுங்க."

"அது... தங்கச்சி இன்னொரு தடவ போகணும்னா. குடுத்துட்டேன்."

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

"அது என் சீட்டு. உங்க தங்கச்சிக்குத் தூக்கிக் குடுக்க நீங்க யாரு?"

"கத்தாத, நாலு பேரு பாக்கறாங்க. நீ எப்படியும் பயந்துக்குவ."

"நான் பயப்படுவேன்னு யாரு சொன்னா?"

"சரி விடு, அடுத்த வாட்டி ஏறிக்கலாம். ஒரு ராட்டினம்தானே!"

ஒரு ராட்டினம்தானாம்! வரிசையைப் பார்த்தேன். அனுமார் வால் மாதிரி நீண்டிருந்தது. மதியம் கிளம்ப வேண்டும். அதில் நின்றால் நடக்காது. ஆனால் பக்கத்தில் ஒரு சின்ன வாசல், அங்கே ஈ காக்கை இல்லை. அதுதான் நான் மூச்சு விடாத விஷயம். ஜோடி ஜோடியாக உட்கார்ந்தபின் மீந்துபோகும் ஒற்றை இருக்கைக்கு, தனியாக வருகிறவர்களை அந்த வழியாக விடுவார்கள்.

பையனை அவர் கையில் திணித்தேன். பைகளை அவர் தோளில் மாட்டினேன்.

"எங்க போற? இவன் ஈரமா இருக்கான்!"

"டயப்பர் நீலப் பையில இருக்கு."

"நீலப் பை எது?"

"இத்தன நாளா நான் சுமக்கறேனே, அது."

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். முகம் தெரியாத ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ரயில் உச்சிக்கு ஏறி ஒரு கணம் நின்றது. அப்புறம் விழுந்தது. வாயைத் திறந்தேன் பாருங்கள், இத்தனை வருடமும் மென்று விழுங்கியதெல்லாம் வெளியே வந்தது. கடைசி வளைவு வரை நான் ஓயவே இல்லை.

வெளியே வருகிற வழியில், விழும்போது எடுத்த படத்தைத் திரையில் காட்டினார்கள். அவர் பையனும் பைகளுமாக அங்கே நின்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் ஈரம். படத்தில் எல்லாரும் கண்ணை இறுக மூடியிருந்தார்கள். நான் மட்டும் கண்ணை உருட்டி, விரலை நீட்டி, வாயை அகலத் திறந்திருந்தேன்.

"எல்லாரும் பயத்துல கத்தறாங்க. நீ என்ன, யாரையோ திட்டற மாதிரி இருக்கு?"

"உங்களத்தான். பேரச் சொல்லித்தான் திட்டினேன்."

அவர் பையனை என்னிடம் நீட்டினார். நான் கை நீட்டவில்லை.

"இன்னொரு தடவ போகணும்" என்று சொல்லிவிட்டு, அந்தச் சின்ன வாசலுக்கே திரும்பினேன்.