ராஜாவின் அளவு

ராணுவ உடுப்பு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது. அதன் கேட்டில் செக்யூரிட்டியாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்த எளாவூர் ஆதிகேசவனை ஒருநாள் உள்ளே கூப்பிட்டார்கள். கடல் தாண்டி ஏதோ ஒரு தேசத்து ராஜாவுக்கும் இவருக்கும் தொப்பை வரைக்கும் ஒரே அளவாம். அன்றிலிருந்து அளவு சரிபார்க்க ராஜாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்பதே வேலை. ஏசி ரூம், கேட்டபோது டீ. பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியாதா?

அந்த ராஜா சண்டைக்கே போனவரில்லை. ஆனாலும் ஜெனரல் ஆனார், பீல்டு மார்ஷல் ஆனார், அதுவும் போதாமல் அதற்கு மேலே ஒரு பட்டத்தை உண்டாக்கித் தமக்கே சூட்டிக்கொண்டார். பட்டத்துக்கொரு கோட்டு, தோளில் இன்னொரு நட்சத்திரம்.

ஜரிகைக் காலர் கழுத்தில் ஏறியதும் ஆதிகேசவனுக்குக் கண் சொக்கும். தையல் மெஷின்களின் சத்தம் தூரத்துக் குதிரைப்படையாகும். கண்ணாடிக்குள் வெள்ளை மாளிகை ஒன்று மிதந்து வரும்; யாரோ குடை பிடிப்பார்கள்.

"கேசவண்ணா, மூச்ச உட்டு நில்லு. ராஜா இன்னா தொப்பைய இழுத்துக்கினா நிப்பாரு?" என்பாள் டெய்லர் நர்மதா.

அவ்வப்போது புது அளவு வரும். ராஜா பெருத்தால் இவரும் பெருக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி கேட்தான். அதற்காகவே நாஷ்டாவுக்கு வடகறியை அள்ளி அள்ளித் தின்றார். "இன்னாய்யா, எத்தினி மாசம்?" என்று பெண்டாட்டி சுமலதாவே கேட்டுவிட்டாள்.

கடைசியாக வந்த அளவைப் படித்த நர்மதா டேப்பைக் கீழே வைத்தாள்.

"உன் ராஜாவ தொரத்திட்டாங்களாம்ணா. அவரு தளபதியே நாற்காலில குந்திக்கினாராம்."

"அப்ப கோட்டு?"

"அதே கோட்டுதான். ஸ்டாரு மட்டும் ஒண்ணு ஜாஸ்தி. ஆனா ஆளு ஒல்லி."

"எந்த மாதிரி ஒல்லி?"

அவள் டேப்பை எடுத்துத் தன் தோளில் வைத்துப் பார்த்தாள். வந்த அளவேதான்.

மறுநாள் கேட்டில் நின்ற ஆதிகேசவனுக்குப் பழைய யூனிபாரத்தின் பொத்தான் வயிற்றில் எட்டவில்லை. ஜன்னலுக்குள் நர்மதா ஜரிகைக் காலரோடு கண் சொக்கி நின்றாள். மாளிகை வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. கை தானாக எழுந்து சல்யூட் வைத்தது. அவள் சிரிக்கவில்லை, தலையை மட்டும் லேசாக அசைத்தாள்.

நாற்காலியில் குந்தியவன் எத்தனை நாள் ஒல்லியாக இருப்பான்? ஆதிகேசவன் இன்னும் வடகறியைக் குறைக்கவில்லை என்கிறாள் சுமலதா.